கிணற்றடியில் கேட்ட ‘இஞ்சேர்’

மாமியின் பேரன் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: “அண்ணா, ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ. அம்மப்பா ‘இஞ்சேர்’ எண்டு கூப்பிடுறார்.”

6 செக்கன் பதிவு. போட்டேன். ‘இஞ்சேர்’ என்றுதான் கேட்டது. திரும்பப் போட்டேன், அதே ‘இஞ்சேர்’. கை மயிர் எழும்பி நின்றது.

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மாமாவும் அப்படித்தான். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, “இ…ஞ்சேர்” என்பார். அடுப்படியில் இருந்து மாமி வருவார். மாமா போய் நாலு மாதம். இந்தப் பதிவு எடுத்தது வீட்டுக் கிணற்றடியில், இரவு 1.40க்கு.

வீடு திருகோணமலையில், பிரெட்ரிக் கோட்டைக்குப் போகிற பக்கம் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. செத்தவீட்டுக்குப் பிறகு செய்யும் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமையில் இருந்தே மாமிக்கு அது கேட்கிறதாம். ஒருவரிடமும் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் மகளிடமும் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் எழும்பி வந்து குசினிப் படியில் குந்தியிருந்து கேட்டுவிட்டுப் போய்ப் படுப்பாராம். துணைக்குப் படுக்கப் போன பேரன் ஒருநாள் அம்மம்மாவைக் காணவில்லை என்று தேடி வந்து, தானும் கேட்டு, போனை எடுத்துப் பதிந்திருக்கிறான்.

நான் கோவில் திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் பதிவு செய்பவன். பழைய கசட்டுகளைத் துப்புரவாக்கிக் கொடுப்பதும் உண்டு. அதனால்தான் இது என்னிடம் வந்தது. ஆவி உண்டா இல்லையா என்பதை என்னால் சொல்ல முடியாது. இந்த 6 செக்கனுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க முடியும். அதை ஒழுங்காகப் பார்த்துச் சொல்கிறேன் என்று மாமியிடம் போய்ச் சொன்னேன். “பார் தம்பி. ஆனா அழிச்சுப் போடாதை” என்றார்.

இதே வேலையை ஒரு காலத்தில் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். சுவீடனில் பிரெட்ரிக் யூர்கன்சன் என்பவர் 1959இல் பறவைக் குரல்களைப் பதியப் போய், நாடாவில் மனிதக் குரல்கள் கேட்பதாகச் சொன்னார். அவரைப் பார்த்து லத்வியாவைச் சேர்ந்த கொன்ஸ்டான்டின் ரவுடிவ் பல்லாயிரம் துண்டுகளைச் சேர்த்தார். ரவுடிவ் தனக்குக் கேட்ட குரல்கள் ஒரே வாக்கியத்துக்குள் பல மொழிகளைக் கலந்து பேசுவதாக எழுதினார். எனக்கு அந்த இடம் முக்கியமாகப் பட்டது. பல மொழி தெரிந்த காது, ஒரு மொழிக்குள் அகப்படாத சத்தத்தை இன்னொரு மொழியின் சொல்லாகப் பிடித்துவிடும். திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று வலை இருக்கிறது. எந்தச் சத்தமும் ஏதாவது ஒன்றில் சிக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் மூல ஃபைலைக் கேட்டு வாங்கினேன். பேரன் எனக்கு அனுப்பியது மூலம் இல்லை. தன் போனில் அதை ஓடவிட்டு, இன்னொரு போனில் குரல் பதிவாக எடுத்து அனுப்பியிருந்தான். வட்ஸ்அப் குரல் பதிவு ‘ஓபஸ்’ முறையில் நன்றாகச் சுருக்கப்படுவது. பேச்சுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குறைத்துவிடும். பேச்சல்லாத ஒரு சத்தத்தை அதற்குள் விட்டால் வெளியே வரும்போது பேச்சுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து வரலாம். அத்தோடு போனின் பதிவுச் செயலியும் சும்மா இருப்பதில்லை. அமைதியான நேரத்தில் தானாகவே ஒலி அளவைத் தூக்கும், இரைச்சல் என்று தான் நினைப்பதை அமுக்கும். ஆகவே மூல ஃபைலை ‘டொகியுமென்ற்’ ஆக அனுப்பச் சொன்னேன். வந்தது 11 நிமிடப் பதிவு. அதில் அந்தக் குரல் ஒரு தடவைதான்.

மூலத்தைப் பூட்டி வைத்துவிட்டு, ஒரு பிரதியை ஒடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்தேன். அங்கேதான் என் முதல் பிழை. கசட்டு வேலைப் பழக்கத்தில், எடுத்தவுடன் இரைச்சல் நீக்கத்தை 24 டெசிபலுக்குப் போட்டுவிட்டேன். இரைச்சல் போனது. ஆனால் பின்னணியில் கிணுகிணுவென்று சின்ன மணிகள் போலவும், யாரோ குசுகுசுப்பது போலவும் புதிதாகச் சத்தங்கள் வந்தன. குசுகுசுப்பில் ‘வா’ ஒன்றும், மாமியின் பெயரின் முதல் எழுத்தும் கேட்டன. மூலத்தில் அவை இல்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒவ்வொரு அலைவரிசையாகக் கதவைத் திறந்து மூடும்போது அங்கங்கே தப்பி நிற்கும் சிறு துண்டுகள்தான் அப்படிக் கேட்கும். அந்த ஃபைலை அழித்தேன். இந்த வேலை செய்ய நினைப்பவர்கள் யாராக இருந்தாலும், பிரதியில்கூட முதல் நாளே இரைச்சல் நீக்கம் போடாதீர்கள். நல்ல ஹெட்போன் போட்டு, இரைச்சலோடேயே கேளுங்கள்.

அடுத்து ஸ்பெக்ட்ரோகிராம். நேரம் இடமிருந்து வலமாக, அதிர்வெண் கீழிருந்து மேலாக, சத்தத்தின் பலம் நிறமாகத் தெரியும் படம். இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் எடுத்த பதிவுக்கு, ஒரு தடவையில் அலசும் துண்டின் நீளத்தை, அதாவது சாளர அளவை, 4096 மாதிரிகள் என்று வைத்தால் ஏறத்தாழ 11 ஹேர்ட்ஸ் இடைவெளியில் கோடுகள் பிரிந்து தெரியும், ஆனால் ஒவ்வொரு கட்டமும் 93 மில்லிசெக்கன் அகலம், அதற்குள் நடப்பது கலங்கிவிடும். 1024 வைத்தால் நேரம் 23 மில்லிசெக்கனுக்குக் கூர்மையாகும், கோடுகள் 43 ஹேர்ட்ஸ் தடிப்பாகும். மெய்யெழுத்துப் பார்க்க 1024, சுருதி பார்க்க 4096. இரண்டிலும் பார்க்க வேண்டும்.

4096இல் கீழே 100 ஹேர்ட்ஸில் நேர்கோடு. ஃபிரிஜ். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. நாலாவது நிமிடத்தில் கம்பிரசர் நிற்க, கோடும் அறுகிறது. ஏழாவது நிமிடத்தில் குத்தாக ஒரு குரைப்பு, புள்ளிமான். கோட்டையிலும் அதைச் சுற்றியும் மான்கள் திரிவது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரவில் பயந்தால் அவை போடுகிற சத்தத்தை வெளியூர்க்காரர் நாய் என்றும் சிலவேளை ஆள் என்றும் நினைப்பார்கள்.

அந்தக் குரல் 1.1 செக்கன் நீளம். அடியில் 118 ஹேர்ட்ஸில் ஒரு கோடு, அதற்கு மேல் 236, 354, 472 என்று ஏணிப்படி போலக் கோடுகள். ஆண்களின் பேச்சுச் சுருதி சாதாரணமாக 85 முதல் 180 ஹேர்ட்ஸுக்குள் இருக்கும். தொண்டையின் குரல்நாண்கள் அதிர்ந்தால் இப்படித்தான் ஏணி வரும். மழை, காற்று, தவளை, கதவுக் கீல் எதுவாவது இருக்கும் என்று எண்ணியிருந்தவன் அந்த ஏணியைப் பார்த்ததும் கொஞ்சநேரம் கொம்பியூட்டரை மூடி வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

ஒப்பிட மாமாவின் உண்மையான குரல் வேண்டும். மாமியிடம் கேட்க மனம் வரவில்லை. மகளுக்கு எழுதி, காரணம் சொல்லாமல், அப்பாவின் குரல் உள்ள பதிவுகள் இருந்தால் அனுப்பச் சொன்னேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு மாமி அனுப்பிய பதிவு ஒன்று வந்தது. பின்னால் மாமா கதைக்கிறார்: “இஞ்சேர், தேத்தண்ணி ஆறுது.” அந்த ஒரு சொல்லை வெட்டி எடுத்துக் கிணற்றடிச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மனிதன் ஒரு சொல்லைச் சொல்லும்போது நாக்கும் உதடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஏணிப்படிகளில் எந்தப் படிகள் பலமாக இருக்கின்றன என்பதும் மாறிக்கொண்டே போகும். மாமாவின் சொல்லில் ‘இ’யில் 2,100 ஹேர்ட்ஸ் பக்கம் இருந்த பலம் ‘ஞ்’சில் மங்கி, ‘சே’யில் திரும்ப எழும்பி, ‘ர்’க்கு வரும்போது கீழே சரிகிறது. கிணற்றடிச் சொல்லில் பலமான இடங்கள் மூன்று. முதலில் இருந்து முடிவு வரை மூன்றும் அசையாமல் அதே இடத்தில் நிற்கின்றன. நாக்கு அசைந்த தடயம் இல்லை. நடுவில் ஒரு சீறல் வெடிக்கிறது, அதுதான் ‘ஞ்சே’ என்று காதுக்குப் படுவது. கடைசியில் 300க்கும் 1,000க்கும் இடையில் சின்னச் சின்ன வளைவுகள் படபடவென்று மேலேறுகின்றன. அது ‘ர்’.

அந்த வளைவுகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன், கோவில் கேணியில் தீர்த்தம் பதிந்தபோது. அவை நீர்க்குமிழிகள். தண்ணீருக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழி மணி போல ஒலிக்கும் என்பதை 1933இல் மார்செல் மின்னார்ட் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சென்ரிமீட்டர் ஆரை உள்ள குமிழி ஏறத்தாழ 326 ஹேர்ட்ஸ், மூன்று மில்லிமீட்டர் என்றால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. சாதாரணமாக வருகிற குமிழிகள் பேச்சு ஒலிக்கும் இடத்திலேயே ஒலிக்கின்றன. தண்ணீர் கதைப்பது போல எங்களுக்குக் கேட்பதற்கு அது ஒரு காரணம்.

குமிழி சரி. அந்த 118 ஹேர்ட்ஸ் ஏணி எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் இல்லாமல் மாமியிடம் போய் ‘அது தண்ணி’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இதற்கிடையில் காதையும் சோதித்தேன். 12 துண்டுகள் செய்தேன். கிணற்றடிக் குரல் நாலு பிரதி, அதே பதிவின் வேறு சத்தங்கள் மூன்று, வெறும் இரைச்சல் மூன்று. மற்ற இரண்டிலும் என் சிநேகிதர் ஒருவர் அதே தூரத்தில் நின்று அதே போனுக்கு ‘இஞ்சேர்’ என்று சொன்னார். வரிசையைக் கலைத்து, ஏழு பேருக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினேன். ‘என்ன கேட்குது, எழுதுங்கோ’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. சிநேகிதரின் குரலை ஏழு பேரும் ஆள் கூப்பிடுவதாக எழுதினார்கள், ஐந்து பேர் சொல்லையும் சரியாக எழுதினார்கள். கிணற்றடிக் குரலுக்கு வந்த பதில்கள்: தவளை, மாடு, பழைய கதவு, ‘ஆரோ தொண்டையைச் செருமுறார்’. ஒருவர் மட்டும் ‘ஆம்பிளைக் குரல், சொல் விளங்கேல்லை’ என்று எழுதினார். ‘இஞ்சேர்’ என்று ஒருவரும் எழுதவில்லை.

பிறகு வேறு ஐந்து பேர். இவர்களிடம் முன்பே சொன்னேன்: ஒரு வயதானவர் மனைவியைக் கூப்பிடுகிறார், எந்தத் துண்டில் என்று பாருங்கோ. நாலு பேருக்குக் கிணற்றடிக் குரலில் ‘இஞ்சேர்’ தெளிவாகக் கேட்டது. இரண்டு பேருக்கு வெறும் இரைச்சலிலும் கேட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தானே கேட்டது. 1981இல் ராபர்ட் ரெமெஸும் கூட்டாளிகளும் ஒரு வாக்கியத்தை வெறும் மூன்று விசில் ஒலிகளாகச் சுருக்கி ஆட்களுக்குப் போட்டார்கள். சொல்லாமல் கேட்டவர்களில் பலருக்கு அது வெறும் விசிலும் விசித்திரச் சத்தமும்தான். இது பேச்சு என்று முன்பே சொல்லப்பட்டவர்களில் பலருக்கு ‘ஒரு வருடத்துக்கு முன் நீ எங்கே இருந்தாய்’ என்ற வாக்கியம் கேட்டது. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேளாமல் இருக்க முடியாது. பேரன் அனுப்பிய அந்த ஒரு வரிச் செய்தி இல்லாமல் முதல் தடவை நான் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்பது இனி எனக்குத் தெரியவே போவதில்லை. இப்படிப்பட்ட குரல்களைத் தேடுகிறவர்களே அவற்றை ஏ, பி, சி என்று தரம் பிரிப்பதுண்டு. சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்பது ஏ. அவர்களுடைய அளவுகோலிலேயே இது சி.

ஆனாலும் ஏணி இருக்கிறது. அப்புறம்தான் இரவுப் பதிவுக்குப் போனேன்.

ஆடி மாதம், கச்சான் காற்று பகல் முழுக்க வெக்கையாக வீசி இரவில் ஓய்ந்துவிடும் காலம். கிணற்று நீர் நன்றாக இறங்கியிருந்தது. ஒரு ரெக்கோடரைக் கிணற்றுக் கட்டிலும் மற்றதைக் குசினிப் படியிலும் வைத்தேன். இடைவெளி 14 மீட்டர். நுரைக்கூடு மாட்டி, தானாக ஒலி கூட்டும் வசதியை நிறுத்தி, என் போனையும் பேரனின் போனையும் பிளைட் மோடில் போட்டேன். தொடக்கத்தில் மூன்று கைதட்டு, விடிய நிறுத்த முதல் மூன்று கைதட்டு. இரண்டு ரெக்கோடர்களின் மணிக்கூடும் ஒரே வேகத்தில் ஓடாது, கைதட்டை வைத்துத்தான் பிறகு பொருத்த வேண்டும். மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளியும் பேணியும் கிடந்தன. தடக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

முதல் இரவு அந்தக் குரல் 12 தடவை பதிவானது. முதலாவது 9.31க்கு, கடைசி 1.43க்கு. அளவில் ஏற்ற இறக்கம் இருந்ததே தவிர, படத்தில் 12உம் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஆளால் ஒரே சொல்லை இரண்டு தடவை அச்சாக ஒரே மாதிரிச் சொல்ல முடியாது, நாதஸ்வரத்தில் ஒரே பிடியை இரண்டு தரம் வாசித்தாலும் படம் வேறாகத்தான் வரும். கிணற்றடி ரெக்கோடரில் பட்டு 40 மில்லிசெக்கன் கழித்துக் குசினிப் படியில் படுகிறது. அந்த இரவின் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகும், 14 மீட்டருக்குக் கணக்குச் சரி. சத்தம் கிணற்றுப் பக்கம்தான். தூரத்து வீடும் இல்லை, கடலும் இல்லை.

இடைவெளிகளைத் தாளில் எழுதினேன். 9 நிமிடம், 10, 12, 13, 16, 19, 23, 28, 34, 41, 47. பொறுமையாக நீண்டுகொண்டே போகிறது. எதோ ஒன்று வடிந்து முடிகிற கணக்கு.

இரண்டாம் நாள் காலை மாமி சொன்னார், “நேற்று வந்தவர். நீயும் கேட்டனி என்ன?” ஓம் என்றேன். மூன்றாம் நாள் காலை முகம் வாடியிருந்தது. “ராத்திரி வரேல்லை தம்பி. நீ உதுகளைக் கொண்டுவந்து வச்சது பிடிக்கேல்லையோ தெரியாது.”

அந்த இரவின் பதிவைத் திறந்தேன். நடுச்சாமத்தில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. மாலையில் இருந்து ஓடவிட்டது நல்லதாகப் போயிற்று. 6.41க்கு, ஒழுங்கையில் போகும் ஆட்டோச் சத்தத்துக்கு அடியில், அந்தக் குரல். பிறகு 6.50, 7.00, 7.12. அதே இடைவெளிகள். கடைசி 10.53க்கு, வீட்டுக்குள் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது. எல்லாம் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய முன்னுக்கு நகர்ந்திருந்தது.

அன்று மாலையில் என்ன வித்தியாசம்? ஆட்கள் வந்திருந்தபடியால் தண்ணீர் முடிந்து, மாமி மோட்டரை வழக்கமான நேரத்துக்கு முன்பே போட்டிருந்தார். பதிவில் மோட்டர் நிற்கும் சத்தம் 6.15க்கு. முதல் இரவில் 9.05க்கு. இரண்டு நாளும் மோட்டர் நின்று சரியாக 26 நிமிடம் கழித்து முதல் கூப்பாடு.

வாளி அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். “ஓம், இப்ப ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து தண்ணி வாக்க வேணும், இல்லாட்டி மோட்டர் இழுக்காது” என்றார்.

தண்ணீர் வார்க்க வேண்டியிருக்கிறது என்றால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். மோட்டர் நின்றதும் அந்த வால்வு மூடிக் குழாயில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அது ஒழுகினால், நாலு மீட்டர் நீர்த்தூண் கீழே இறங்கப் பார்க்கும், மேலே மோட்டருக்குள் உறிஞ்சல் உண்டாகும். தாங்கிக்குப் போகும் குழாயில் இன்னொரு ஒருவழி வால்வு இருப்பதால் அந்தப் பக்கமிருந்து காற்று வர வழியில்லை. எங்கே பலவீனமோ அங்கே இழுக்கும். மூன்றாவது ரெக்கோடர் ஒன்றைப் பொலித்தீனால் சுற்றி மோட்டரோடு கட்டினேன். அன்று இரவு அந்தக் குரல் அதில் காதைக் கிழிக்கும் அளவுக்குப் பதிவாகியிருந்தது. சத்தம் வந்த இடம் தண்ணீர் வார்க்கும் மூடி.

கழற்றுவதற்கு முன் மாமியிடம் சொல்ல வேண்டும். குசினிப் படியில் பக்கத்தில் இருந்து, இடைவெளி எழுதிய தாளைக் காட்டிச் சொன்னேன். குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும், “உன்னட்டை அவற்ரை உண்மையான குரல் இருக்கெண்டு பிள்ளை சொன்னவள். போடு” என்றார். மகளிடம் நான் மறைத்தது எப்படியோ வெளியே வந்திருந்தது. போட்டேன். “இஞ்சேர், தேத்தண்ணி ஆறுது.” கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கிணற்றடிக் குரலைப் போடச் சொன்னார். இரண்டையும் மாறி மாறி மூன்று தரம்.

“அவர் கூப்பிட்டால் கடைசியிலை கேள்வி மாதிரி ஏறும். இது இறங்குது.”

சுருதிக் கோட்டைப் பார்த்தேன். மாமாவின் சொல் 122இல் தொடங்கி 140க்கு ஏறி முடிகிறது. கிணற்றடிச் சொல் 118இல் இருந்து 104க்கு இறங்குகிறது. படம் பார்க்கும் அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னார்: “வருசா வருசம் சிவராத்திரிக்கு முதல் கிழமை உதைக் கழட்டி, வொஷர் மாத்தி, கிணத்துக்கை இருக்கிறதையும் எடுத்துத் துப்புரவாக்கிப் போடுவார். இந்த முறை ஆஸ்பத்திரியிலை கிடந்தவர்.” மாமா இருந்தபோது மோட்டர் போடுவது காலை 5 மணிக்கு. அவருக்குப் பிறகு மாமி போடுவது இரவில், நாடகம் பார்த்து முடிந்த பிறகு. “கழட்டு” என்றார்.

மூடியைத் திருகி எடுத்தேன். ரப்பர் வொஷர் ஒரு பக்கம் தேய்ந்து, நகம் நுழையும் அளவுக்கு ஒரு நாக்குப் போலப் பிரிந்து நின்றது. தினமும் திறந்து மூடியதில் வந்த தேய்வு. மூடியை ஒரு சின்னக் குழாய்த் துண்டில் வைத்து, மறுபக்கம் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். என் கைக்குள் இருந்தே “ஈ…ன்” என்று வந்தது. பேரன் ஒரு அடி பின்னுக்குப் போனான்.

ஏணி வந்த வழி அதுதான். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாக்கான சீவாளி என்ன செய்கிறதோ அதையே அந்த ரப்பர் நாக்கு செய்தது. காற்று இழுக்கும்போது மூடித் திறந்து மூடித் திறந்து, செக்கனுக்கு 118 தடவை. குரல்நாணும் அதே வேலைதான் செய்கிறது, அதனால்தான் படம் ஒரே மாதிரி வந்தது. குழாயின் நீளம் மாறாததால் பலமான மூன்று இடங்களும் அசையாமல் நின்றன. இழுத்து இழுத்து நாக்கு முழுதாகத் திறந்துகொள்ளும் கணத்தில் அந்தச் சீறல். உள்ளே போன காற்று குமிழியாகித் தண்ணீருக்குள் புரள்வது ‘ர்’. கிணறு கூம்பு ஸ்பீக்கர் போல அதை வெளியே விட்டது. நீர்த்தூண் குறையக் குறைய உறிஞ்சல் குறைந்து, இடைவெளி நீண்டது.

புட்வால்வைக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிவிசி குழாயை மெதுவாக மேலே இழுத்து, இணைப்பில் அறுத்து எடுத்தோம். தட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் மிளகளவு ஒரு நத்தைச் சிப்பி. அதை எடுத்தாலே போதும், ஆனாலும் இருக்கை கீறியிருந்ததால் பித்தளையில் புதிது போட்டேன். வொஷர் கடைக்கு அன்று போக முடியவில்லை, சைக்கிள் டியூப்பில் வட்டம் வெட்டித் தற்காலிகமாகப் போட்டு, மறுநாள் சரியானதை மாற்றினேன். ஒட்டிய இணைப்பை ஒரு இரவு காயவிட்டுத்தான் மோட்டர் போட வேண்டும், அவசரப்பட்டால் அங்கேயும் காற்று இழுக்கும்.

அதற்குப் பிறகு மூன்று இரவு பதிந்தேன். கிணற்றடிக் குரல் ஒன்றுகூட இல்லை. மோட்டர் தண்ணீர் வார்க்காமலே இழுக்கிறது.

பதிவுகளில் இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இரண்டாம் இரவு அதிகாலை 4.38க்கு, 3 செக்கன். சுருதி ஏறி இறங்குகிறது, பலமான இடங்கள் நகர்கின்றன, 2,000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லை. அது மனிதக் குரல், தூரத்தில் இருந்து வந்தது. காற்று ஓய்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட்டால், மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்கும், சாதாரணமாகக் கேட்காத தூரம் கேட்கும். அந்த நேரத்தில் கடற்கரையில் தொழிலுக்குப் போகும் ஆட்கள் இருப்பார்கள். திருக்கடலூர்ப் பக்கமிருந்தும் வந்திருக்கலாம். சொல் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கச் சொல்லி யாருக்கும் கொடுக்கும்போது நான் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஃபைலுக்குப் பெயரும் வைக்கவில்லை, எண் மட்டும்தான்.

மூல ஃபைல்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். மாமாவின் அந்தத் தேத்தண்ணிப் பதிவை, ஒலி அளவைத் தவிர ஒன்றையும் தொடாமல், மாமியின் போனில் போட்டுக் கொடுத்தேன். தேய்ந்த வொஷரை எறியப் போனபோது கேட்டு வாங்கி, மாமாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த சிவராத்திரிக்கு முதல் கிழமை மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று என் போனில் குறித்திருக்கிறேன். மாமி இப்போது மோட்டர் போடுவது காலை 5 மணிக்கு.